வீட்டு ஆப்பிளும் கார் ஜாக்கியும்

தோட்டமும் சமையலறையும்: வாசகர் கேள்வி – பதில்

செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஆப்பிளைப் பற்றியவையாகவே இருக்கின்றன. இங்கிலாந்தில் தோட்டத்தோடு பழைய வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கும், முந்தைய உரிமையாளர் நட்டு வளர்த்த மரமொன்று வீட்டோடு சேர்ந்து வந்துவிடுகிறது. அந்த மரம் தரும் பழத்தை ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாது. இம்முறை சைடர், அதாவது ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்யும் மது, பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஹாரோவில் எங்கள் வீட்டின் பின்புறம் இரண்டு ஆப்பிள் மரங்கள் உள்ளன. ஒன்று பிராம்லி என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மற்றது இனிப்பான சிவப்புப் பழம், பெயர் தெரியவில்லை. சென்ற ஆண்டு நாற்பது கிலோவுக்கு மேல் குப்பைத் தொட்டியில் கொட்டினோம், மனம் கேட்கவில்லை. சைடர் செய்யலாம் என்றால், பழம் அரைக்கும் பொறியும் பிழியும் பொறியும் விலை அதிகமாக இருக்கின்றன. கார் ஜாக்கியை வைத்துப் பிழியலாம் என்று என் கணவர் சொல்கிறார். அது சரிப்படுமா? – வாசகி, ஹாரோ

பதில்: சரிப்படும் அம்மா. நான் பதினோரு ஆண்டுகளாக ஜாக்கியால்தான் பிழிகிறேன். ஆனால் ஜாக்கிக்கு முன்னால் பழத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களிடம் இருக்கும் இரண்டு மரங்களும் ஒன்றுக்கொன்று துணையாக அமைந்திருக்கின்றன. பிராம்லி சமையலுக்கான பழம். அதன் புளிப்பு மிக அதிகம். (1809ஆம் ஆண்டில் நாட்டிங்ஹாம்ஷரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த மரம் அது. பிற்காலத்தில் அந்த வீட்டை வாங்கிய மாத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரரின் பெயர்தான் பழத்துக்கு நிலைத்தது; விதை ஊன்றிய பெண்ணின் பெயரையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.) தனி பிராம்லியில் செய்த சைடர் பல்லைக் கூச வைக்கும். மூன்று பங்கு சிவப்புப் பழத்துக்கு ஒரு பங்கு பிராம்லி என்று கலந்தால், புளிப்பு சுவைக்கும் துணை நிற்கும், கெடுக்கும் நுண்ணுயிர்களையும் தள்ளி வைக்கும். சாமர்செட் பக்கத்தில் சைடருக்கென்றே வளர்க்கும் கிங்ஸ்டன் பிளாக், டேபினெட் போன்ற வகைகளில் இருக்கும் துவர்ப்பு நம் வீட்டுப் பழங்களில் இருக்காது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட, ஐந்து லிட்டர் சாற்றுக்குப் பாலும் சர்க்கரையும் சேர்க்காத திக்கான தேநீர் ஒரு குவளை சேர்க்கும் பழக்கம் வீட்டில் சைடர் செய்பவர்களிடம் உண்டு. நானும் அதையே செய்கிறேன்.

பறித்த பழத்தை உடனே பிழியாதீர்கள். இரண்டு மூன்று வாரம் காற்றோட்டமான இடத்தில் பரப்பி வைத்து, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும் பதம் வந்ததும் எடுங்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும், சாறும் எளிதாக இறங்கும்.

இனி அரைப்பது. ஹெரிஃபர்டுஷர் பண்ணைகளில் பழைய கல் ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு நம் ஊர்ச் செக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. வட்டமான கல் தொட்டியில் பழத்தைக் கொட்டி, நிமிர்ந்து நிற்கும் கல் சக்கரத்தைக் குதிரை சுற்றிச் சுற்றி இழுக்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம். பழத்தை நான்காக அரிந்து உறுதியான பிளாஸ்டிக் வாளியில் பாதி அளவு போட்டு, தடித்த கட்டையால் உலக்கை போட்டு இடிப்பது போல இடித்தால் போதும். ஊரிலிருந்து மர உலக்கை கொண்டு வந்து வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். பூண் பழத்தில் படாத முனையால் இடியுங்கள். மிக்சியில் அரைப்பதாக இருந்தால் ஒன்றிரண்டாக உடைக்கும் அளவோடு நிறுத்த வேண்டும். சட்னிப் பதத்துக்கு அரைத்த விழுதைத் துணியில் கட்டி அழுத்தினால், சாறு வருவதற்குப் பதில் விழுதே துணியின் கண்களில் பிதுங்கி வரும்.

உங்களுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது வேறொரு வழி. பழத்தைக் கழுவித் துண்டாக்கி உறைபெட்டியில் வைத்துக் கல்லாக உறையவிட்டு, மறுநாள் வெளியே எடுத்து முழுவதும் இளக விடுங்கள். உறையும் நீர் பனிக்கட்டியாக விரியும்போது பழத்தின் உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடுகிறது. இளகிய துண்டு கையால் பிழிந்தாலே சாறு விடும் அளவுக்குத் தொளதொளத்துவிடும். ஐந்து ஐந்து கிலோவாக வாரம் முழுவதும் செய்து வந்தால், இரண்டு மரத்துப் பழத்துக்கு அரைக்கும் பொறியே தேவையில்லை.

இப்போது ஜாக்கி. உங்கள் கணவர் செய்ய வேண்டியது, ஜாக்கியின் விசையைத் தனக்குள்ளேயே தாங்கிக்கொள்ளும் ஒரு செவ்வகச் சட்டம். பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள மரச்சட்டங்கள் நான்கு எடுத்து, மூலைகளை 12 மில்லிமீட்டர் போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும். ஆணி அடிக்கவே கூடாது. என் முதல் சட்டத்தை ஆணியால் அடித்தேன், மூன்றாவது அழுத்தத்தில் மேல் சட்டம் பிய்ந்துகொண்டு மேலே தெறித்தது. நல்லவேளையாக நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். கீழ்ச் சட்டத்தின் மேல் விளிம்புள்ள பெரிய தட்டு ஒன்றை வைத்து, அதில் சாறு வழிய ஒரு பக்கம் சற்றுச் சரிவு கொடுங்கள். தட்டின் மேல் துணிப் பொட்டலங்கள், அவற்றின் மேல் தடித்த பலகை, பலகையின் மேல் ஜாக்கி நிமிர்ந்தபடி. ஜாக்கியின் தலை மேல் சட்டத்தை முட்டித் தள்ளும்போது பலகை கீழே இறங்கும். எண்ணெய் ஜாக்கியாக இருந்தால் அதைத் தலைகீழாக வைக்காதீர்கள். அடியில் ஒரு கிண்ணத்தட்டு வைத்து அதற்குள் நிறுத்தினால், கசியும் எண்ணெய் சாற்றில் இறங்காது.

பொட்டலத்துக்கு மஸ்லின் துணியைவிடப் பழைய பாலியெஸ்டர் வலைத் திரைச்சீலை நன்றாக உழைக்கிறது. வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காமல் கொதிநீரில் இரண்டு முறை அலசிய பிறகு விரித்து, ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு விழுதைப் பரப்பி, கட்டுச்சோற்றுப் பொட்டலம் போல நான்கு மூலைகளையும் உள்ளே மடியுங்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இடையே சாறு வழிந்தோட இடம் வேண்டும். அதற்குக் குறுக்குச் சட்டகங்கள் செய்வார்கள். நான் சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகைகளில் பள்ளம் கீறிப் பயன்படுத்துகிறேன்.

ஜாக்கி எத்தனை டன் என்பதைவிடப் பொட்டலம் எவ்வளவு அகலம் என்பதே முக்கியம். 30 சென்டிமீட்டர் சதுரப் பொட்டலத்தின் மேல் 2 டன் ஜாக்கி முழு விசையோடு அழுத்தினாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டேகால் கிலோதான் விழும். அதே ஜாக்கி 20 சென்டிமீட்டர் சதுரத்தின் மேல் ஐந்து கிலோ அழுத்தம் தரும். ஆகவே பெரிய ஜாக்கி வாங்குவதற்குப் பதில் பொட்டலத்தைச் சிறியதாக்குங்கள். நான்கு முறை அழுத்தி, சாறு சொட்டுச் சொட்டாகக் குறையும் வரை காத்திருந்து, மறுபடி நான்கு முறை. அவசரப்பட்டால் துணி கிழியும். ஒன்பது பத்து கிலோ பழத்துக்கு நான்கரை லிட்டர் சாறு கிடைத்தால் நிறைவு கொள்ளலாம்.

கேள்வி: அம்மா சீதனமாகக் கொண்டு வந்த பெரிய பித்தளை அண்டா எங்களிடம் இருக்கிறது. பழைய சாமான் கடையில் வாங்கிய கனமான பீங்கான் ஜாடியும், துத்தநாகம் பூசிய இரும்பு வாளியும் உள்ளன. இவற்றில் சாறு பிடித்துப் புளிக்க வைக்கலாமா? – வாசகர், க்ராய்டன்

பதில்: தயவுசெய்து மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அழுத்தும் விசையை எதிலிருந்து பெற்றாலும் குற்றமில்லை. சாறு எதைத் தொடுகிறது என்பதில் மட்டும் ஒருபோதும் சமாளிக்கக் கூடாது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று நம் பாட்டிமார்கள் சொன்னதன் காரணம் இங்கும் பொருந்துகிறது. ஆப்பிள் சாற்றின் அமிலம் செம்பையும் துத்தநாகத்தையும் கரைக்கும். இரும்பைக் கரைத்தால் சாறு கறுத்து உலோகச் சுவை ஏறும். புளிக்குழம்பு அரை மணி நேரம் கொதிக்கிறது. சைடரோ மாதக்கணக்கில் பாத்திரத்திலேயே கிடக்கிறது.

பீங்கான் ஜாடியைப் பற்றி நான் இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சைடர் குடித்தவர்களுக்குக் கடுமையான வயிற்றுவலியும் கைகால் முடங்குதலும் வந்து பலரை வாட்டின. அதை ஊரின் பெயரால் டெவன் வயிற்றுவலி என்றே அழைத்தார்கள். சைடரின் புளிப்பே காரணம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தபோது, டெவனிலேயே பிறந்த மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் 1767இல், அங்கே பிழிபொறிகளிலும் ஆலைத் தொட்டிகளிலும் பயன்படுத்திய காரீயமே சாற்றில் கரைந்து மக்களை நோயாளியாக்குகிறது என்று சோதனை செய்து காட்டினார். நாம் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு, நஞ்சான காரீயம் வேறு. பழைய ஜாடிகளின் பளபளப்புப் பூச்சில் காரீயம் கலந்திருக்கக்கூடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊறுகாய் போடவும் அவை வேண்டாம், குடை வைக்கப் பயன்படுத்துங்கள்.

எவர்சில்வர், கண்ணாடி, உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக் ஆகியவை மட்டுமே சாற்றைத் தொடலாம். பலகைக்குப் பழைய சரக்குத் தட்டுகளை (பேலட்) உடைத்து மரம் எடுப்பவர்கள், அதில் எம்.பி. (MB) என்று முத்திரை இருந்தால் தொடவே வேண்டாம். அது மீத்தைல் புரோமைடு நச்சுப்புகை இட்ட மரம். எச்.டி. (HT) என்றால் சூடுபடுத்தியது என்று பொருள். ஆனால் அதன் மேல் முன்பு என்ன கொட்டியிருக்கும் என்பதை யாரும் அறியமாட்டார்கள். வெளிப்புறச் சட்டத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், சாறு படும் இடத்துக்குக் கூடாது.

கேள்வி: டெமிஜான், ஏர்லாக், ஹைட்ரோமீட்டர் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதை வீட்டுப் பொருளைக் கொண்டு ஈடுகட்டலாம்? – வாசகர், லெஸ்டர்

பதில்: மூன்றையுமே ஈடுகட்டலாம். டெமிஜான் என்ற பெரிய கண்ணாடிக் குடுவைக்குப் பதில், கடையில் தண்ணீர் விற்கும் 5 லிட்டர் பிளாஸ்டிக் புட்டி போதும். முதல் வாரம் இட்லி மாவு பொங்குவது போல நுரை பொங்கும், ஆகையால் ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு நிரப்புங்கள். பொங்குதல் அடங்கியதும், தனியாகக் குளிர்பெட்டியில் வைத்திருந்த சாற்றை ஊற்றிக் கழுத்து வரை நிரப்புங்கள்.

ஏர்லாக்கின் வேலை, உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுப்பது. மூடியில் துளையிட்டு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, சுற்றியுள்ள இடைவெளியை அடைத்து, குழாயின் மறுமுனையைத் தண்ணீர் உள்ள குவளைக்குள் அமிழ்த்திவிட்டால் அதே வேலை நடக்கும். குவளையில் குமிழிகள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் வீட்டில் பேரக்குழந்தைகளுக்கு அது பெரிய வேடிக்கை. பலூனில் ஊசித் துளையிட்டுப் புட்டி வாயில் மாட்டுபவர்களும் உண்டு. ரப்பர் சில வாரங்களில் தளர்ந்து கிழிந்துவிடுகிறது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஹைட்ரோமீட்டர் இல்லாமல் சர்க்கரையை அளக்க, உங்கள் சமையலறைத் தராசே போதும். ஒரு காலிப் புட்டியைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே புட்டியில் அதே வெப்பநிலையில் சாற்றை விளிம்பு வரை நிரப்பி எடை பாருங்கள். தண்ணீர் 500 கிராம், சாறு 525 கிராம் என்றால் அடர்த்தி 1.050. வீட்டுப் பழச் சாறு பெரும்பாலும் 1.045 முதல் 1.055க்குள் இருக்கும். புளித்து முடிந்த பின், கலக்கி வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி எடை போட்டு, 500 கிராம் வந்தால் அடர்த்தி 1.000. இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 0.050ஐ 131ஆல் பெருக்கினால், மதுவின் அளவு ஏறக்குறைய ஆறரை விழுக்காடு என்று தெரிந்துவிடும். கடையில் வாங்கும் பல சைடர்களைவிட இது கடுமையானது, விருந்தாளிகளுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

எதையும் ஈடுகட்டாமல் காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டு: ஒயின் அல்லது சைடருக்கான ஈஸ்ட் ஒரு பொட்டலம், கேம்டன் மாத்திரைகள் ஒரு புட்டி. ரொட்டி ஈஸ்ட்டிலும் புளிக்கும், ஆனால் அடியில் நன்றாகப் படியாமல் மாவு வாடை தரும். கேம்டன் மாத்திரையைப் பற்றி யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு விளக்குவது எளிது. பனையில் கட்டும் முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர் (பதநீர்), பூசாவிட்டால் கள். காற்றிலும் பாளையிலும் இருக்கும் நுண்ணுயிர்களை அடக்குவதற்காகவே சுண்ணாம்பு. வேதிவினை வேறாயினும், நான்கரை லிட்டர் சாற்றுக்கு ஒரு கேம்டன் மாத்திரை பொடித்துப் போடுவதும் அவ்வகைக் காப்புதான். காட்டு ஈஸ்ட்டையும் வினிகர் பாக்டீரியாவையும் அது அடக்கும். 24 மணி நேரம் கழித்து நம் ஈஸ்ட்டைத் தூவலாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த மாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது, ஏனென்றால் அது வெளிவிடும் கந்தக டை ஆக்சைடு சிலருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும்.

கேள்வி: சென்ற ஆண்டு செய்ததில் பாதி வினிகராகிவிட்டது. மீதியைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து வைத்தோம். இரவில் இரண்டு புட்டிகள் வெடித்துச் சிதறின. எங்கே தவறினோம்? – வாசகி, சட்டன்

பதில்: வினிகராக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். நுரை அடங்கிய பிறகும் புட்டியில் வெற்றிடம் விட்டிருப்பீர்கள், அல்லது அடிக்கடி திறந்து மணம் பார்த்திருப்பீர்கள். அடியில் படிந்த ஈஸ்ட்டை விட்டுத் தெளிந்ததை மாற்றும்போது, மேலிருந்து ஊற்றாமல், பிளாஸ்டிக் குழாயின் கீழ்முனையைப் புதிய புட்டியின் அடிவரை விட்டு, சலசலப்பில்லாமல் இறக்குங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். முதலில் குழாய் முழுவதும் கொதித்து ஆறிய நீர் நிரப்பிக்கொண்டால் தானாகவே ஓடத் தொடங்கும்.

வெடித்ததற்குக் காரணம், சர்க்கரை மீதமிருக்கும்போதே மூடியதுதான். கழுத்துப் பக்கம் கண்ணாடி தெறித்தால் கண்ணே போய்விடக்கூடும், இதை நான் மிகுந்த கவலையோடு எழுதுகிறேன். அடர்த்தி இரண்டு வாரம் மாறாமல் 1.000 அல்லது அதற்குக் கீழே நின்ற பிறகே அடைக்க வேண்டும். குமிழி வேண்டுமென்றால் லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரைக்கு மேல் போகாமல், சோடா விற்ற பிளாஸ்டிக் புட்டிகளில் அடையுங்கள். அவை வாயுவைத் தாங்கவே செய்யப்பட்டவை. மேலும், கையால் அமுக்கிப் பார்த்தே உள்ளழுத்தத்தை அறியலாம். கல் போல இறுகியதும் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். ஜாம் புட்டியும் வேண்டாம், ஒயின் புட்டியும் வேண்டாம். ஐப்பசியில் பிழிந்ததைச் சித்திரை வரை பொறுத்துக் குடித்தால் சுவை உருண்டு திரண்டிருக்கும்.

கேள்வி: விடுமுறையில் தமிழ்நாட்டுக்குப் போகும்போது அண்ணன் வீட்டில் இதைச் செய்து காட்டலாமா? – வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: கூடாது. இங்கிலாந்தில் சொந்த வீட்டுப் பயன்பாட்டுக்குச் சைடர் புளிக்க வைக்க உரிமம் தேவையில்லை. உரிமம் இல்லாமல் வாலையில் சாராயம் வடிப்பதற்குத்தான் இங்கும் தடை. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, வீட்டில் புளிக்க வைப்பதே குற்றம். அண்ணனுக்கு அடுத்த பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் யாரும் மது தொடுவதில்லை. பிழிந்த சாற்றைக் குழந்தைகளுக்காகச் சேமிக்க முடியுமா? கீழே விழுந்த பழங்களையும் சேர்க்கலாமா? – வாசகி, வெம்பிளி

பதில்: இக்கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனென்றால் சாறுக்குத்தான் சைடரைவிட அதிகக் கவனம் தேவைப்படுகிறது. அழுகிய ஆப்பிளில் வளரும் பூஞ்சணம் பட்டுலின் என்ற நஞ்சை உண்டாக்கும். சைடராகப் புளிக்கும்போது ஈஸ்ட் அதைப் பெருமளவு சிதைத்துவிடும். சாற்றில் அது அப்படியே தங்கும், சூடாக்கினாலும் முழுவதும் போகாது. அடிபட்டுப் பழுப்பேறிய இடம் தாழ்வில்லை. பூஞ்சணம் பிடித்த பழத்தை வெட்டிச் சரிசெய்ய முயலாமல் முழுவதுமாக ஒதுக்குங்கள். ஆடு, குதிரை, நாய் நடமாடும் புல்தரையில் விழுந்த பழமும் சாற்றுக்கு ஆகாது. 1996இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், சூடாக்காத ஆப்பிள் சாற்றில் இருந்த ஈ.கோலை கிருமியால் பலர் நோயுற்று, ஒரு குழந்தை இறந்தது.

ஆகவே பிழிந்த அன்றே சூடாக்கிவிட வேண்டும். பெரிய எவர்சில்வர் அண்டாவின் அடியில் துணியை மடித்துப் போட்டு, கழுத்தில் மூன்று சென்டிமீட்டர் விட்டுச் சாறு நிரப்பிய கண்ணாடிப் புட்டிகளை நிறுத்தி, அவற்றின் கழுத்து வரை வெந்நீர் ஊற்றுங்கள். மூடியைத் தளர்வாக வைத்து, நடுவிலுள்ள புட்டியின் சாற்றில் வெப்பமானியை விட்டு 75 பாகை செல்சியஸ் வந்ததும் 20 நிமிடம் அதே சூட்டில் வைத்திருங்கள். பிறகு மூடியை இறுக்கி, சுடுசாறு மூடியின் உட்புறத்தில் படும்படி சில நிமிடம் படுக்க வையுங்கள். இப்படிச் செய்த சாறு அடுத்த பழக்காலம் வரை இருட்டறையில் கெடாமல் நிற்கிறது. திறந்தபின் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். சூடாக்கும் முன் லிட்டருக்கு அரை கிராம் வைட்டமின் சி பொடி சேர்த்தால் நிறம் பழுப்பாகாமல் இருக்கும்.

பிழிந்த சக்கையைத் தூக்கி எறியாதீர்கள். கரும்புச் சக்கை போல வறண்டிருந்தாலும், அதே அளவு தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊற வைத்து மறுபடி பிழிந்தால் மெல்லிய இனிப்புநீர் வரும். அதையும் மேற்சொன்னபடி சூடாக்கி, இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுங்கள்; எங்கள் வீட்டில் குழந்தைகள் முதலில் கேட்பது அதைத்தான்.